கேட்டேன் என்றாள் அக்கா

அக்காவுக்குப் பொய்யே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் எல்லோரையும் போல அவளும் சொல்லுவாள். இன்னும் செருப்பைக்கூட மாட்டாமல் "வந்துட்டே இருக்கேன்" என்பாள். கண்ணைப் பறிக்கிற நிறத்தில் ஒரு சட்டையை அன்பளிப்பாகக் கொடுத்தால் "எனக்குப் பிடிச்ச கலர்" என்று வாங்கிப் பீரோவின் அடியில் தள்ளுவாள். அதெல்லாம் யாரையும் கடிக்காத பொய்கள். ஆனால் ஒரு நாள் மத்தியானம் தம்பியிடம் போனில் "கேட்டேன்டா" என்றாளே, அது பச்சைப் பொய். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே செருகிக்கொண்டு, இரண்டு கைகளாலும் வேறு எதையோ தட்டிக்கொண்டே சொன்னாள்.

அக்காவும் தம்பியும் சேர்ந்து செய்த தொழிலுக்கு அவர்களைப் பெற்ற அம்மாவாலேயே ஒரு பெயர் வைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் விசாரித்தால் "ஸ்பீக்கர் வாடகைக்கு விடறாங்க" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாள். உண்மையில் நடப்பது இதுதான். தம்பி தோளில் பையும் கையில் மைக்குமாக அலைந்து சத்தங்களைப் பிடித்து வருவான். லிஃப்ட் கதவு மூடுவது, பாலத்தின் இரும்பு வெயிலில் முறிவது போல் சடசடப்பது, கூட்டம் கலைந்த பிறகு நாற்காலிகளை அடுக்குவது, எதையும் விட்டுவைக்க மாட்டான். அக்கா கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுவாள். அந்த நிரல் சத்தங்களை நறுக்கி, நீட்டி, அடுக்கி, தானே இசையாக்கும். ஒரு தடவை செய்ததை மறுதடவை செய்யாது. பெரிய கூடம் ஒன்றில் ஸ்பீக்கர்களைத் தொங்கவிட்டு அதை ஓடவிடுவார்கள். மக்கள் வந்து நடந்துகொண்டே கேட்பார்கள். சிலருக்குக் கண் கலங்கும். சிலர் கழிப்பறை எந்தப் பக்கம் என்று விசாரிப்பார்கள்.

இந்தத் தொழிலுக்குள் அவர்கள் இருவருக்கு மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. சின்ன வயதில் வீட்டில் ஒரு பழைய டேப் ரெக்கார்டர் கிடந்தது. தம்பி எதையாவது பதிவு செய்துகொண்டு வந்து "கண்ணை மூடுக்கா" என்பான். என்ன சத்தம், எங்கே எடுத்தது, ஒன்றும் சொல்ல மாட்டான். அக்கா முழுக்கக் கேட்டு முடித்த பிறகு ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கொடுப்பவன் விளக்கக் கூடாது, கேட்பவள் நடுவில் வாயைத் திறக்கக் கூடாது. வளர்ந்து ஆளான பிறகும் இந்தப் பிள்ளை விளையாட்டை இருவரும் விடவில்லை. அக்கா கண்ணை மூடிக் கேட்காமல் எந்தச் சத்தமும் கம்ப்யூட்டருக்குள் போனதில்லை. பத்திரிகையில் எவ்வளவு புகழ்ந்து எழுதினாலும் தம்பி அலட்டிக்கொள்ள மாட்டான். அவனுக்கு அக்கா கேட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இதில் ஒரு கோளாறும் இருந்தது. முக்கியமான விஷயங்களை வாயால் சொல்ல இருவருக்கும் பழகவே இல்லை. தம்பிக்குக் காதல் வந்தபோது வந்து "அக்கா, நான் ஒருத்தியை விரும்பறேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தையல் மெஷின் ஓடும் சத்தத்தை எடுத்து வந்தான். நடுநடுவே மெஷின் நின்றது, ஒரு பெண் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள், மறுபடி ஓடியது. அக்கா கண்ணைத் திறந்து "கல்யாணமா?" என்றாள். தம்பி தலையாட்டினான். அந்தத் தையல்காரிதான் அவன் மனைவி. அப்படிப்பட்ட காது அக்காவுக்கு, அதை யாரும் குறை சொல்ல முடியாது.

இந்தத் தடவை அவர்களுக்குக் கிடைத்த இடம் ஒரு பழைய குடிநீர்த் தொட்டி. தொட்டி என்றால் மொட்டைமாடித் தொட்டி இல்லை. நிலத்துக்கு அடியில், வரிசை வரிசையாகத் தூண்கள் நிற்கும் பெரிய கூடம். நகரத்துக்கே தண்ணீர் தேக்கி வைத்திருந்து, பிறகு தேவையில்லாமல் போய், இப்போது கலை நிகழ்ச்சிகளுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். உள்ளே கை தட்டினால் அது தூண் தூணாகப் போய் வந்து அடங்கச் சற்று நேரம் பிடிக்கும். அங்கே ஊர் மக்களும் சேர்ந்து செய்வதாக ஏற்பாடு. யார் வேண்டுமானாலும் தங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு சத்தத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பலாம். வாசலில் வைத்த மைக்கில் வருகிறவர்கள் முனகலாம், பாடலாம். எல்லாவற்றையும் நிரல் வாங்கிக்கொண்டு, தம்பியின் சத்தங்களோடு கலந்து இசை செய்யும். நடுவில் நிற்கும் முதுகெலும்பு தம்பியுடையது, சதை ஊருடையது என்று பேச்சு.

ஊர் தாராளமாக அனுப்பியது. நர்சுகள், கிரேன் ஓட்டுபவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், தூங்கும் கணவனின் குறட்டையைப் பழிவாங்கலாக அனுப்பிய மனைவிகள். எல்லாம் மலிவான போனில் எடுத்தவை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுவது போல் மங்கிக் கிடந்தன. அக்காவுக்குத் தலைக்கு மேல் வேலை. ஒவ்வொன்றாகச் சீர் செய்ய ஆயுள் போதாது என்று அதற்கும் ஒரு நிரல் எழுதினாள். மங்கிய சத்தத்தில் மேல் சுருதியில் எது காணாமல் போயிருக்கும் என்று அதுவே ஊகித்து, இல்லாததை இட்டு நிரப்பி, பளிச்சென்று ஆக்கித் தரும். பாத்திரம் துலக்கின மாதிரி இருக்கிறது என்று அதற்குத் துலக்கி என்று பெயர் வைத்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

துலக்கி நன்றாக ஓடத் தொடங்கியிருந்த வாரத்தில்தான் தம்பி வந்தான். அக்கா திரையைப் பார்த்தபடி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"டீ போட்டு வச்சிருக்கேன், ஊத்திக்கோ" என்றாள்.

பதில் இல்லை. தம்பி ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

"டேய், உன்னைத்தான். காது என்ன செவிடா?"

அவன் திரும்பினான். சிரித்தான். அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது என்று அக்கா பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அதைப் பார்க்கக்கூட இல்லை. அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு பென்டிரைவை மேஜைமேல் வைத்தான்.

"முடிச்சுட்டேன்க்கா. எல்லாம் இதுல இருக்கு. கண்ணை மூடு, கேக்கலாம்."

"இப்பவா? இன்னிக்கு முடியாதுடா. வச்சிட்டுப் போ, நான் தனியா கேட்டுக்கறேன்."

"சேர்ந்துதானே கேப்போம்?"

"எப்பவும் கேக்கறதுதானே. ஒரு தடவை தனியா கேட்டா குடியா முழுகிடும்?"

தம்பி எழுந்து போகவில்லை. அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போது வாசற்படியில் நின்று, "இதுல ஒண்ணு மட்டும் வேணும்க்கா. நீ கேட்டுட்டுச் சொல்லணும். வேற யாரும் சொன்னா எனக்குப் பத்தாது" என்றான்.

"சொல்றேன், சொல்றேன். கதவைச் சாத்திட்டுப் போ."

அவன் போன பிறகு அக்கா பென்டிரைவைச் செருகினாள். உள்ளே எண் போட்ட கோப்புகள், பெயர் இல்லை, வழக்கம் போலத்தான். முதல் கோப்பைத் திறந்தாள். சத்தம் அவளுடைய திரையில் படமாகத் தெரியும். தாழ்ந்த சுருதி கீழே, உயர்ந்த சுருதி மேலே. தம்பியின் படத்தில் கீழ்ப்பாதி மட்டும் இருந்தது. மேல்பாதி ஒரே இருட்டு. அடுத்ததைத் திறந்தாள், அதுவும் அப்படியே. எல்லாமே அப்படியே இருந்தன. ஒன்றைச் சில நொடி ஓடவிட்டாள். ஏதோ கதவு, ஏதோ நாற்காலி, எல்லாம் மந்தமாக எங்கேயோ அடியிலிருந்து வந்தது.

அவளுக்குப் பாவமாகிவிட்டது. மைக் பழுதாகியிருக்கிறது, பயலுக்குத் தெரியாமல் மாதக்கணக்காக இதை வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறான் என்று நினைத்தாள். எடுத்துச் சொன்னால் இடிந்துபோவான். மறுபடி எடுக்கவும் நாள் இல்லை. துலக்கி எதற்கு இருக்கிறது? எல்லாவற்றையும் அதற்குள் தள்ளினாள். டீ குடித்துவிட்டு வருவதற்குள் மேல்பாதி நிரம்பி, படம் மேலிருந்து கீழ்வரை ஜொலித்தது. தம்பியின் மானத்தைக் காப்பாற்றிய திருப்தியோடு அடுத்த வேலையைப் பார்த்தாள். கேட்கவில்லை. அந்தக் காதை வைத்துக்கொண்டு கண்ணால் பார்த்து முடிவு கட்டினாள். வேறு யார் இந்தத் தவறைச் செய்திருந்தாலும் மன்னித்துவிடலாம்.

மறுநாள் மத்தியானம்தான் அந்தப் போன் வந்தது.

"கேட்டியாக்கா?"

"கேட்டேன்டா."

"என்ன?"

"கேட்டேன்டா! முழுசா கேட்டேன்!" ஒரு தடவை சொன்ன பொய்யைச் சத்தமாக இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

"ஒரு வார்த்தை?"

கதவும் நாற்காலியும் நினைவுக்கு வந்தன. "வீடு" என்றாள்.

"ஆமா" என்றான் தம்பி. "எதையாவது மாத்தணுமா?"

"எதுக்கு? அப்படியே இருக்கட்டும். அருமையா வந்திருக்கு."

"தேங்க்ஸ்க்கா."

கூடப் பிறந்தவளிடம் தேங்க்ஸ் சொல்கிற ஆளா அவன்? அக்காவுக்கே விசித்திரமாகத்தான் பட்டது. கேட்டிருக்கலாம், என்னடா புதுசா என்று. அதற்குள் அந்தத் தொட்டிக் கூடத்தின் பொறுப்பாளராக இருந்த ஒரு அம்மா இன்னொரு போனில் வந்துவிட்டார்.

அதன் பிறகு தம்பி ஆளே மாறிப்போனான். தொட்டிக்குள் ஏணி வைத்து ஸ்பீக்கர் தொங்கவிட்ட நாட்களில் அவன் முகத்தில் ஒரு தெளிச்சி. மின்வேலை பார்க்கிறவர்களோடு கேலி பேசினான். அக்காவின் இடது பக்கம் விடாமல் ஒட்டிக்கொண்டு நடந்தான், அவள் பேசும்போது முகத்தையே பார்த்தான். ஒருநாள் ஏணியின் அடியில் உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டே கேட்டான்.

"இதுக்கு அப்புறம் நாம எப்படிப் பண்ணப்போறோம்னு யோசிச்சியா?"

"என்ன யோசிக்கணும்? வழக்கம் போலத்தான்."

"வழக்கம் போலவா?" அவன் ஒயரைக் கீழே வைத்துவிட்டான். "நிஜமாவா சொல்றே?"

"பின்னே? உன்னை வேலையை விட்டுத் தூக்கவா முடியும்?"

தம்பி சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். தூசி என்று அக்கா நினைத்தாள், அங்கே தூசிக்கும் பஞ்சமில்லை. "நான் ஒண்ணு நினைச்சேன். மைக்கை நான் தூக்கிட்டு வரேன். நீ கூட வந்து கேளு. எதைப் பிடிக்கணும்னு நீ கை காட்டினாப் போதும், நான் பிடிச்சுடுவேன்."

"நான் எதுக்குடா உன்கூட வெயில்ல அலையணும்?"

"சரி, மெதுவா யோசி. அவசரமில்ல" என்றான் தம்பி, பெரிய விஷயம் ஒன்று முடிவானவனைப் போல.

திறப்பு நாள் வந்தது. மாலை வெளிச்சம் மேலேயுள்ள ஓட்டைகள் வழியாகத் தூண்கள்மேல் விழுந்தது. நல்ல கூட்டம். பேச்செல்லாம் சுருக்கமாக முடிந்து இசை தொடங்கியதும் கூட்டம் அப்படியே அடங்கியது. என்ன சொல்ல, நன்றாகத்தான் இருந்தது. குருவிகள் தூணுக்குத் தூண் தாவின. தண்ணீர் சொட்டுச் சொட்டாக மின்னியது. யாரோ ஒரு கிழவர் வாசல் மைக்கில் முனகிய நாலு ஸ்வரத்தை நிரல் எடுத்துக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோய், அதைச் சுற்றி மணிமணியாகக் கோத்தது. பொறுப்பாளர் அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு பளிச்சுன்னு நான் எங்கேயும் கேட்டதில்லைங்க" என்றார். அக்கா வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

தையல்காரி தனியாக ஒரு தூணோரம் நின்றாள். கடையிலிருந்து நேரே வந்திருந்தாள் போல, கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. தலைக்குமேல் இருந்த ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தவள், அக்காவைக் கண்டதும் கிட்டே வந்தாள்.

"அண்ணி, இது என் கத்தரி சத்தம்தானே?"

அக்கா காதைக் கொடுத்துக் கேட்டாள். துணியைக் கத்தரி அரிந்துகொண்டு போகும் சத்தம், சரக் சரக்கென்று கூராக. "ஆமாம்மா, உன்னோடதுதான். எப்படி இருக்கு?"

"அவர் அதை எடுத்துட்டாரே. எப்படித் திரும்ப வந்துது?"

"எதை எடுத்துட்டான்?"

"சரக்குங்கறதைத்தான். அவருக்குத்தான் அது கேக்கறதில்லையே." அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தையல்காரியின் பேச்சு மெதுவாகிவிட்டது. "டாக்டர் காது சோதிச்சுட்டு ஒரு படம் போட்டுக் குடுத்தாரில்ல. அந்தப் படத்துல எதெல்லாம் கேக்காதுன்னு இருந்துதோ அதையெல்லாம் ஒவ்வொரு சத்தத்துலேருந்தும் வெட்டிட்டார். மாசக்கணக்கா உக்காந்து வெட்டினார். வெட்டறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அவருக்கு ஒரே மாதிரிதான் கேக்கும். சரியா வெட்டிருக்கேனான்னு அக்காதான் சொல்லணும்னார். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே அண்ணி."

அக்கா தலைக்குமேல் இருந்த ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தாள்.

"நீங்க முழுக்கக் கேட்டுட்டீங்க, ஒண்ணையும் மாத்த வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னு வந்து சொன்னார்" என்றாள் தையல்காரி. "அன்னிக்குத்தான் மனுஷன் நிம்மதியாத் தூங்கினார். அதுவரைக்கும் ஒரே அழுகை. இன்னும் குறையும்னு டாக்டர் சொல்லியிருக்காராம், எங்கே போய் நிக்கும்னு தெரியாதாம். அக்காவுக்குத் தெரிஞ்சும் அவ பயப்படலை, வழக்கம் போலத்தான்னு சொல்லிட்டா, இனிமே அவதான் எனக்குக் காதுன்னார்."

ஏணியடியில் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதும், கேட்கிற காதைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு இடது பக்கம் ஒட்டி நடந்ததும், தேங்க்ஸ் என்றதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. பயலின் மானத்தைக் காப்பாற்றினோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டது நினைவுக்கு வந்தபோது வெட்கத்தில் உடம்பு கூசியது. அவன் தன் வாழ்க்கையில் சொன்ன மிகப் பெரிய விஷயத்தைப் பழுது என்று நினைத்து அவள் ரிப்பேர் செய்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் சந்தோஷம். அக்காவின் இரண்டு தோளையும் பிடித்தான்.

"ஒண்ணைக்கூடத் தொடலையேக்கா நீ! நான் குடுத்தது அப்படியே இருக்கு. நீ எதையாவது அழகு பண்ணிடுவியோன்னு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்துது, நிஜத்தைச் சொன்னா."

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அப்படித்தான் கேட்டது. துலக்கி இட்டு நிரப்பிய குருவியும் மணியும் சரக் சரக்கும் அவன் காதுவரை போகவே இல்லை. அந்தக் கூடத்தில் அத்தனை பேருக்கும் அக்காவின் இசை கேட்டது. தம்பி செய்த இசை தம்பிக்கு மட்டும் கேட்டது.

"எல்லாருக்கும் புரியுது பாரு" என்றான் அவன், சுற்றியிருந்தவர்களைக் காட்டி. "எவ்வளவு அமைதியா நிக்கறாங்க. ஒருத்தர்கிட்டேயும் நான் வாயால சொல்லலை. அவங்களுக்கே கேக்குது, எனக்கு எப்படி இருக்குன்னு."

அக்கா அவன் கையை விலக்கிவிட்டுப் போனாள். படிக்கட்டின் அடியில் ஒரு மேஜை போட்டு கம்ப்யூட்டரை வைத்திருந்தார்கள். அவள் நினைத்தால் சும்மா இருந்திருக்கலாம். அவன் சந்தோஷமாக இருக்கிறான், ஊரும் சந்தோஷமாக இருக்கிறது, தையல்காரியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கெஞ்சினால் அவளும் வாயைத் திறக்க மாட்டாள். இந்த யோசனை வராமல் இல்லை. வந்தது, அதன் பின்னாலேயே தன்மேல் ஒரு வெறுப்பும் வந்தது. துலக்கியை நிறுத்தும் வரியை எழுதி விசையைத் தட்டினாள்.

கூடம் மங்கிப்போனது. குருவிகள் போயின. மணிகள் போயின. தண்ணீர் சொட்டுவது நின்று, அடியில் ஏதோ புரள்வது மட்டும் மிஞ்சியது. கத்தரி இப்போது சரக்கென்று சொல்லவில்லை, மேஜையில் கை இடிப்பது போல மொத்து மொத்தென்று விழுந்தது. ஒரு குழந்தை பாடப் புத்தகத்தை வாசித்தது, ஆனால் ஆ, ஓ, ஊ என்பதற்குமேல் ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. அக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அப்போது இன்னொரு குரல் வந்தது. ஒரு பெண் அடுத்த அறையில் ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். சுவருக்கு அப்பாலிருந்து வருவது போன்ற வெறும் முனகல். நடுவில் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துத்தான் அது தன் குரல் என்று அக்காவுக்கே தெரிந்தது. தம்பி வீட்டில் என்றைக்கோ பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். என்ன பேசினாள் என்று அவளுக்கே புரியவில்லை.

எத்தனை மாதமாக அவனிடம் இப்படிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

அதற்குள் கூட்டத்தில் சலசலப்பு. மக்கள் ஸ்பீக்கர்களை அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் தன் காதையே விரலால் குடைந்துகொண்டார். பொறுப்பாளர் அம்மா ஓடிவந்து, "என்னங்க ஆச்சு, ஸ்பீக்கர் போயிடுச்சா?" என்று பதறினார்.

"போகலைங்க. இது இப்படித்தான் இருக்கணும்" என்றாள் அக்கா.

"இப்படியா? ஒண்ணுமே புரியலையே."

"ஆமாங்க."

தம்பியும் வந்துவிட்டான், பின்னாலேயே தையல்காரியும். இசையில் எதுவும் மாறியதாக அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்ததைக் கண்ணால் பார்த்திருந்தான். "என்னக்கா? எல்லாரும் ஏன் திடீர்னு மேலே பாக்கறாங்க?"

அக்கா சொன்னாள். குரல் எழும்பவில்லை. அவன் குனிந்து, "என்ன?" என்றான்.

"நீ குடுத்ததை நான் கேக்கவே இல்லடா."

"இந்தச் சத்தத்துல ஒண்ணும் தெரியலை. உரக்கச் சொல்லு."

"கேக்கலைடா!" என்று கத்தினாள் அக்கா. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "பொய் சொன்னேன்! படத்தைப் பார்த்துட்டு மைக் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்! நீ வெட்டினதையெல்லாம் கம்ப்யூட்டரை வச்சுத் திருப்பிப் போட்டுட்டேன்! இவ்வளவு நேரம் எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க! இப்பதான் நிறுத்தினேன்! இப்பதான்டா முதல் தடவையா நானே கேக்கறேன்!"

தம்பி அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னது முழுக்கப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆனது. போய்ச் சேர்ந்தது அவன் முகத்தில் தெரிந்தது. திட்டுவான் என்று அக்கா எதிர்பார்த்தாள், திட்ட வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டாள். அவன் திட்டவில்லை.

"அப்போ அந்த ஏணிகிட்ட பேசினதெல்லாம்?" என்றான்.

"எனக்குத் தெரியாதுடா. எதைப் பத்திப் பேசறேன்னே தெரியாது."

"வழக்கம் போலன்னு சொன்னது?"

அதுவும் தெரியாமல் சொன்னதுதான் என்று அக்கா தலையை ஆட்டினாள். மேலே அவன் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது, மறுபடி திறந்தது. கூட்டத்தில் சிலர் கிளம்பத் தொடங்கியிருந்தார்கள். சிலர் தூணில் காதை வைத்து, ஒரு வார்த்தையாவது பிடிபடாதா என்று முயன்றுகொண்டிருந்தார்கள்.

"சரி" என்றான் தம்பி கடைசியில். "எனக்கு இப்பவும் அதேதான் கேக்குது. மத்தவங்களுக்கு இப்ப எப்படி இருக்கு? நான் வெட்டினது சரியா வந்திருக்கா?"

அதைச் சொல்லத்தான் அக்காவுக்கு இப்போது தெரியும். அவளைவிடச் சரியாக அதைச் சொல்ல அந்தக் கூடத்தில் ஆள் கிடையாது. சரியா வந்திருக்குடா, என் குரலே எனக்குப் புரியலை, அவ்வளவு சரியா வந்திருக்கு என்று சொல்ல வாயைத் திறந்தாள். தம்பி கையைக் காட்டி அவளை நிறுத்தினான். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் காட்டினான். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, அவள் முகம் நன்றாகத் தெரியும்படி நகர்ந்து நின்றுகொண்டான்.

"நீ சொல்லு" என்றான்.

தையல்காரி ஒரு நிமிஷம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு மெதுவாக, உதடுகள் அவனுக்குத் தெரிய, தனக்குக் கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லத் தொடங்கினாள். அக்கா பக்கத்தில் நின்றாள், அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.